ஒரு மாதத்துக்கு மட்டும் செல்லுபடியாகும்

சிட்னியின் புறநகரான டூங்கபியில் எங்கள் வீட்டுப் பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் காந்தத்தால் ஒட்டியிருக்கிறது. பழையதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தேயிலைச் சாயத்தில் தோய்த்துக் காயவைத்த தாள். மேலே ஒரு கிரீடம், அதன் கீழே தங்கம் தோண்டுவதற்கான உரிமம் என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து, பிறகு என் பெயர், வந்த கப்பல், தொழில், எல்லாவற்றுக்கும் கீழே நீல மையில் ஒரு கையெழுத்து. அந்தக் கையெழுத்தை வாங்க எனக்கு ஏழு வருடம் பிடித்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ பள்ளிக்கூடப் பிள்ளை செய்த வேலை என்று நினைத்து, எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் பேச்சை மாற்றுவார்கள். கறி தெறித்துப் பழுதாகப் போகிறது, ஹரிஸ் பார்க்கில் ஒரு கடையில் கொடுத்து லமினேட் செய்து வையுங்கள் என்று என் மனைவி சில மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் நான் அவள்மேல் எரிந்து விழுகிறேன். பிறகு வெட்கமாக இருக்கிறது. ஆனால் லமினேட் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கமிஷனர் அன்ரியின் முகம் வந்துவிடுகிறது. அந்த முகம் வந்தால் கோபமும் கூடவே வரும்.

நான் இந்த நாட்டுக்குப் படகில் வந்தவன். வில்லாவுட் தடுப்பு முகாமிலிருந்து வெளியே விட்டபோது தந்தது தற்காலிக விசா. பெரிய நகரங்களுக்கு வெளியே போய் வேலை செய்தால் பின்னொரு நாளில் உதவலாம் என்று ஒரு யோசனையும் சேர்த்துத் தந்தார்கள். அந்த ‘உதவலாம்’ என்ற சொல்லை நம்பி, சிட்னியிலிருந்து மூன்றரை மணி நேர ஓட்டத்தில், மலைகளுக்கு அப்பால் இருந்த ஒரு சிறிய ஊருக்குப் போனேன். ஒரு காலத்தில் தங்கம் கிடைத்த ஊர். நான் போனபோது கிடைத்தது இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. கல்யாணம் முடித்து ஒன்பதாம் மாதம் படகேறியவன் நான். நிரந்தர விசா கிடைத்தால்தான் மனைவியைக் கூப்பிட முடியும். தற்காலிக விசாக்காரனுக்கு அந்தப் பேச்சே இல்லை. அவள் யாழ்ப்பாணத்தில் போனைப் பிடித்துக்கொண்டு விசா விஷயமாக ஏதாவது புதினம் உண்டா என்று கேட்பாள், நான் இங்கே போனைப் பிடித்துக்கொண்டு இல்லை என்பேன். எங்கள் குடும்ப வாழ்க்கை என்று பல வருடம் நடந்தது அவ்வளவுதான்.

கமிஷனர் அன்ரியை முதலில் கண்டது அந்த ஊர்ச் சுப்பர்மார்க்கெட்டில். நான் பச்சை மிளகாய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். பின்னால் வந்து ஒரு முன்னுரையும் இல்லாமல், “நீர் எவடம்?” என்றார். கேள்வி கேட்கப்பட்டே களைத்துப்போயிருந்த காலம் அது. தமிழில் கேட்டால் இன்னும் பயம். இந்தியா என்று ஒரு பொய்யைச் சொன்னேன். “அப்பிடியோ” என்று சொல்லிவிட்டு, தன் கூடையைக் காட்டி, இதைக் கொஞ்சம் கார் வரைக்கும் தூக்கித் தர முடியுமா என்று கேட்டார். ஓம் என்று யாழ்ப்பாணத் தமிழில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. “பொய் சொல்லுறதெண்டால் முழுக்கச் சொல்லப் பழகும்” என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னே நடந்தார். அவருடைய கணவர் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் இருபது வருடத்துக்கு மேல் டொக்டராக இருந்து காலமானவர். ஒரே மகன் மெல்பேர்னில். அந்த ஊரிலேயே தமிழ் பேசுகிறவர்கள் அவரும் நானும்தான். ஆகவே அவரிடமிருந்து தப்பிப்போக எனக்கு இடமில்லை.

கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அவர் யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபர் அலுவலகத்தில், உரிமங்கள் கொடுக்கும் பகுதியில் வேலை பார்த்தவர். வேட்டைத் துவக்கு லைசென்ஸ், கள்ளுத் தவறணை லைசென்ஸ் எல்லாம் அவர் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். இங்கே வந்த பிறகு சமாதான நீதவான் ஆனார். ஜே.பி. என்றால் எங்கள் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும், பிரதியைப் பார்த்து இது அசல்போலவே இருக்கிறது என்று முத்திரை குத்திக் கையெழுத்து வைக்கிறவர். இது போதாதென்று மூன்றாவதாக ஒரு உத்தியோகமும் அவருக்கு இருந்தது. அந்த ஊர்ச் சபை பழைய தங்க வயலைச் சுற்றுலாப் பயணிகளுக்காக அப்படியே வைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே அந்தக் காலத்தை நடித்துக் காட்டுவார்கள். அந்தக் காலத்தில் தங்கம் தோண்ட வந்த எவனும் மாதாமாதம் அரசாங்கத்திடம் உரிமம் எடுக்க வேண்டும், தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். அதைக் கொடுப்பதற்கு ஒரு கமிஷனர், அவருக்கு ஒரு கூடாரம். உரிமம் இல்லாதவனைப் பிடிக்க ஒரு பொலிஸ் கூட்டம். அன்ரிதான் அந்தக் கமிஷனர். பித்தளைப் பொத்தான் வைத்த நீலக் கோட்டும், கொண்டைக்கு மேல் நிற்காமல் ஒருபக்கம் சரியும் தொப்பியுமாக, கூடாரத்துக்குள் ஒரு கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

அவருக்கு முன்பு அந்த வேடம் போட்டவர் ஓய்வுபெற்ற ஒரு இறைச்சிக் கடைக்காரர். இனிப்புக் கொடுப்பதுபோல உரிமத்தை அள்ளிக் கொடுத்தாராம். அது பொறுக்காமல்தான் அன்ரி அந்தக் கதிரையில் ஏறினார். ஏறியபின் வரிசை நகரவில்லை. ஒவ்வொரு பிள்ளையிடமும் பெயர், பிறந்த இடம், எந்தக் கப்பலில் வந்தாய், என்ன தொழில் தெரியும் என்று நிறுத்தி நிதானமாகக் கேட்டு, தொடுபேனாவால் எழுதி, ஊதிக் காயவைத்துக் கையெழுத்து வைப்பார். பிள்ளைகள் கப்பலுக்கு வாயில் வந்த பெயரைச் சொல்லும். அதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பதில் இல்லாமல் விடக்கூடாது. ஒருமுறை ஒரு பெரிய மனிதர், படம் எடுப்பவர்களோடு வந்து, சும்மா கையெழுத்தைப் போடுங்கள், நேரமில்லை என்று சொன்னார். “அப்ப லைசென்ஸும் இல்லை” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்தப் பெரிய மனிதரைப் பிடித்துக்கொண்டு போய் மரக்கட்டையில் சங்கிலியால் கட்டுவது பொலிஸின் வேலை. பொலிஸ் நான். கட்டினேன்.

ஆம், என்னைப் பொலிஸாக்கியதும் அவர்தான். ஞாயிறு வேலை, கையில் கொஞ்சம் சம்பளம், கூடவே ஆங்கிலமும் பழகலாம் என்று இழுத்துக்கொண்டு போனார். தோண்டுகிறவனாக நிற்கிறேன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். “பிறந்ததிலயிருந்து அடையாள அட்டையைக் காட்டிக் காட்டித்தானே வளர்ந்தனீர். ஒருக்கா நீர் கேட்டுப் பாரும்” என்றார். நகைச்சுவையாகச் சொன்னாரா, கருணையாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முதல் நாள், வயலுக்குள் வருகிற எல்லோருக்கும் உரிமம் வேண்டும், பொலிஸுக்கும் வேண்டும் என்று சொல்லி என்னை வரிசையில் நிறுத்தினார். பெயரைச் சொன்னேன். எழுதினார். தொழிலைச் சொன்னேன். எழுதினார். “எந்தக் கப்பல்?” என்றார். பின்னால் ஒரு பள்ளிக்கூடமே நிற்கிறது. பிள்ளைகளைப்போல ஏதாவது ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் என்னால் விளையாட்டாகக்கூடப் பதில் சொல்ல முடியவில்லை. முகாமில் அதே கேள்வியை எத்தனை அறைகளில், எத்தனை பேர் கேட்டிருப்பார்கள். அன்ரி பேனாவைத் துடைத்து வைத்தார். “வெறும் இடம் இருக்கிற தாளில நான் கையெழுத்து வைக்கமாட்டன்” என்று மெதுவாகத் தமிழில் சொல்லி, கையெழுத்தில்லாத தாளை என்னிடம் நீட்டினார். ஆறு வயதுப் பிள்ளைக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்கவில்லை. அந்தத் தாளை மடித்து பொலிஸ் கோட்டின் உள்பையில் வைத்தேன். ஏழு வருடம் அங்கேயே கிடந்தது. இது எனக்கு வந்த முதல் கோபம்.

பொலிஸ் வேடத்தில் நான் சொல்ல வேண்டிய ஒரு சிறு விளக்கம் இருந்தது. தோண்டுகிறவர்கள் இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் நிற்பார்கள். உரிமத்தைச் சட்டைப்பையில் வைத்தால் ஒரே நாளில் கூழாகிவிடும். ஆகவே கூடாரத்தில் பத்திரமாக வைத்துவிட்டு வருவார்கள். அந்த நேரம் பார்த்துப் பொலிஸ் வந்து காட்டு என்று நிற்கும். கூடாரத்தில் இருக்கிறது என்று சொன்னால் ஏற்காது. உடம்போடு வைத்திருக்க வேண்டும், அதுவும் வாசிக்கக்கூடிய நிலையில் வைத்திருக்க வேண்டும், இரண்டும் சட்டம். இதை நான் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்ததும் ஒரு பள்ளிச் சிறுமி கையை உயர்த்தி, அவர்கள் ஏன் அதை லமினேட் செய்யவில்லை என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். கூடாரத்துக்குள்ளிருந்து அன்ரி தொப்பி விழச் சிரித்தார். எனக்கு மட்டும் அது நல்ல கேள்வியாகப் பட்டது. ஏனென்றால் என் வாழ்க்கையைக் காப்பாற்றிய பொருள் ஒரு லமினேட் தாள்.

அதையும் சொல்லிவிடுகிறேன். நான் புறப்படுவதற்கு முதல் நாள் என் மனைவி எனது பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கடைக்குப் போனாள். திரும்பி வந்தபோது சான்றிதழ் கண்ணாடிபோலப் பளபளத்தது. கடலில் எல்லாம் நனையும், இது நனையாது என்றாள். அவளுக்கு அழுகை வந்தது, எனக்கும் வந்தது. அதை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தேன். பதினெட்டு நாள். பாஸ்போர்ட் இல்லை, கொண்டுவந்த மற்றத் தாள்கள் எல்லாம் உப்புத் தண்ணீரில் நாறிப் பிய்ந்துபோயின. நான் யார் என்பதற்கு மிஞ்சியது அந்த ஒரு தாள். எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் இதைத்தான் செய்து வைத்திருப்பார்கள். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, சொப்பிங் பையில் சான்றிதழ்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்குக் காகிதத்தில் நம்பிக்கை இல்லை. பிளாஸ்டிக்கில் நம்பிக்கை உண்டு.

பிறகு ஒரு நாள் நாங்கள் காத்திருந்த கடிதம் வந்தது. தற்காலிக விசாக்காரர்கள் நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்றாகி, விண்ணப்பித்தும் ஆயிற்று. அடையாளத்துக்கான ஆவணத்தின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை இருபத்தெட்டு நாளுக்குள் அனுப்பு என்று கேட்டார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஊரிலேயே ஜே.பி. இருக்கிறார், அதுவும் எங்கள் அன்ரி. அவருடைய குசினி மேசையில் சான்றிதழையும் பிரதியையும் வைத்தேன். அவர் பூதக்கண்ணாடியை எடுத்து, யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். எங்கள் ஊரில் சி.ஆர். கொப்பி என்னும் தடித்த அட்டைக் குறிப்பேட்டை எடுத்து அரை மணி நேரம் என்னவோ எழுதினார். எனக்கு ரீயும் வடையும் தந்தார். கடைசியில் சான்றிதழைத் திரும்ப என் பக்கம் தள்ளிவிட்டு, ஏலாது என்றார். லமினேட் செய்திருக்கிறது, உள்ளே இருப்பது அசலா கலரில் எடுத்த பிரதியா என்று தொட்டுப் பார்க்காமல் எப்படிச் சொல்வது, முத்திரையின் மை காகிதத்தில் ஊறியிருக்கிறதா என்று எப்படித் தெரியும். “லமினேட் பண்ணின தாள் செத்த தாள். அதில இனி ஒருத்தரும் ஒண்டும் எழுத ஏலாது, ஒண்டையும் பரிசோதிக்கவும் ஏலாது” என்றார். கடித்த வடையைத் தட்டில் திரும்ப வைத்தேன்.

ஏழு நாள் பொறுத்து, அடுத்த கிழமை மறுபடியும் போனேன். இந்தமுறை மனைவியை வீடியோவில் பிடித்து வைத்துக்கொண்டு போனேன். நான்தான் அன்ரி கடையில கொண்டுபோய்ச் செய்வித்தனான், அசல்தான், சத்தியமாக அசல்தான் என்று அவள் அங்கிருந்து கெஞ்சினாள். அன்ரி போனை வாங்கிக் கண்ணாடியைச் சரிசெய்து, அவளைப் பார்த்து, “பிள்ளை, உம்மை நான் நூறு வீதம் நம்புறன். ஆனால் இவர் உம்மை அத்தாட்சிப்படுத்தச் சொல்லிக் கேக்கேல்லையே. தாளையல்லோ கேக்கிறார்” என்றார். அவளிடம் சாப்பிட்டாயா, மாமியார் எப்படி என்று கால் மணி நேரம் கதைத்தார். பிறகு சி.ஆர். கொப்பியில் மறுபடியும் எழுதினார். கையெழுத்து மட்டும் இல்லை. மூன்றாவது முறை போனபோது ஒன்பது நாள்தான் மிச்சம். நான் மரியாதையாகப் பேசவில்லை. நீங்கள் ஞாயிற்றுக்கிழமை போடும் வேடத்தை மற்ற நாளிலும் கழற்றுவதில்லை என்று கத்தினேன். அவர், முதல் நாளிலிருந்தே சொல்லிவந்த பழைய பல்லவியைத் திரும்பவும் பாடினார். “ஊரில ஒரு பதிவுப் புத்தகம், கொழும்பில ஒரு புத்தகம். ரெண்டிலயும் பதிஞ்சிருக்கும். ஒண்டு எரிஞ்சாலும் மற்றது இருக்கும். புதுப் பிரதி எடுப்பியும். நான் அந்தக் கணமே கையெழுத்து வைக்கிறன்.” அந்த அரசாங்கத்திடமிருந்து தப்பி வந்த நான், அந்த அரசாங்கத்தின் அலுவலகத்துக்கே, அந்தக் கந்தோருக்கே, ஆள் அனுப்பி என் பெயரைச் சொல்வதா என்று கேட்டேன். மூன்றாவது முறையும் அவர் கொப்பியில் எழுதினார். அந்தக் கொப்பியைப் பிடுங்கி எறியலாம்போல இருந்தது.

ஊர் நூலகத்தில் சனிக்கிழமைகளில் இன்னொரு ஜே.பி. வருவார். அவரிடம் போயிருந்தால் நிமிர்ந்தும் பாராமல் குத்திக் கொடுத்திருப்பார். இதை நான் அறியாதவன் அல்ல. ஆனால் கோபம் வந்தவனுக்கு வேலை முடிவது முக்கியமில்லை, வெல்வதுதான் முக்கியம். பிளாஸ்டிக்கைக் கழற்றி, வெறும் தாளை அன்ரியின் மேசையில் அறைந்து வைக்க வேண்டும், இப்போது தொட்டுப் பாருங்கள் என்று சொல்ல வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி. சூடு காட்டினால் லமினேட் இளகும் என்று தொழிற்சாலையில் யாரோ சொன்னார்கள். சனிக்கிழமை காலை, குசினி மேசையில் துவாயை விரித்து, சான்றிதழை வைத்து, அயன் பெட்டியைப் பிடித்தேன். சூடு கூடிவிட்டது. பிளாஸ்டிக் அப்பளம்போலப் பொங்கிச் சுருண்டது. நான் பதறிப்போய் இழுக்க, தாளும் அதோடு வந்தது. அப்பா பெயரும் என் பெயரும் தப்பின. மேலே இருந்த பதிவு இலக்கமும், பதிவாளர் பிரிவும், முத்திரையும் பழுப்பாகிக் கருகிவிட்டன. போனில் எடுத்து வைத்திருந்த படத்தைத் திறந்து பார்த்தேன். பிளாஸ்டிக்கில் பட்ட வெளிச்சம் சரியாக இலக்கத்தின்மேல் விழுந்து வெள்ளையாக இருந்தது. பிரதியிலும் அதே இடத்தில் கறுப்புத் தீற்றல். முகாமில் கொடுத்த பிரதியைத் திரும்பக் கேட்க இன்னொரு விண்ணப்பம், அதற்கு மாதக்கணக்கு. நான் நிலத்தில் உட்கார்ந்து அழுதேன். கடலில் பதினெட்டு நாள் நனையாமல் வந்த தாள். அவள் செய்து தந்தது. நானே எரித்தேன்.

அந்தக் கரிக்கட்டையை எடுத்துக்கொண்டு அன்ரியிடம்தான் போனேன். போக வேறு இடம் இருக்கவில்லை. திட்டுவார், நான் சொன்னேனே என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சி.ஆர். கொப்பியைத் திறந்து என் பக்கம் திருப்பினார். மூன்று திகதிகள், மூன்று பதிவுகள். பதிவு இலக்கம், பிரிவு, பதிவாளரின் பெயர், பதிந்த நாள், முத்திரையின் வாசகம், வலது மூலையில் இருந்த சிறு கிழிசல்கூட. ஒவ்வொன்றின் முடிவிலும் சிவப்பு மையில் மறுக்கப்பட்டது என்று எழுதிக் கோடிட்டிருந்தார். “கச்சேரியில படிச்ச பழக்கம். குடுத்ததுக்குக் கையெழுத்தே சாட்சி. மறுத்ததுக்கு என்ன சாட்சி? அதால மறுத்ததைத்தான் முழுக்க எழுத வேணும். நாளைக்கு அந்த மனுசன் வந்து ஏன் மறுத்தனீர் எண்டு கேட்டால், நான் பாத்தது இதுதான் எண்டு காட்ட வேணுமல்லோ” என்றார். என்னை மூன்று முறை திருப்பி அனுப்பிய அந்தக் கொப்பியில்தான் நான் முழுசாக இருந்தேன். அதை நினைத்துச் சந்தோஷப்படுவதா, தலையைச் சுவரில் முட்டுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த மேசையிலேயே இரண்டு காரியம் நடந்தது. அவகாசம் கேட்டுக் குடிவரவுத் திணைக்களத்துக்கு ஒரு கடிதம் எழுதினார், ஒரு சொல் கூடுதலாக இல்லாமல். பிறகு, புதுப் பிரதி எடுப்பதை நானும் இனி மறுக்க வழியில்லாததால், என் மனைவியைப் போனில் பிடித்து இலக்கத்தைச் சொல்லி எழுதச் சொன்னார். எரித்ததைச் சொல்ல வேண்டாம் என்று நான் அவரைக் கண்ணால் கெஞ்சினேன். ஏன் அன்ரி, பழைய தாளை ஒருவழியாகவும் ஏற்கமாட்டீர்களா என்று அவள் கேட்டாள். “ஏலாது பிள்ளை” என்றார் அன்ரி. பொய் இல்லை. கேட்காததை அவர் சொல்லவும் இல்லை. ஆகவே தான் லமினேட் செய்து தந்த தாளைக் கட்டிய புருஷன் அயன் பெட்டியால் எரித்தான் என்பது, இதை வாசித்த பிறகுதான் என் மனைவிக்குத் தெரியப்போகிறது. அந்தக் கரி இன்னும் சுத்தியலும் ஆணியும் கிடக்கும் என் ஆயுதப் பெட்டிக்குள் இருக்கிறது. அவள் யாழ்ப்பாணத்தில் கந்தோருக்குப் போய் வரிசையில் நின்று, இலக்கத்தைச் சொல்லி, அன்றைக்கே புதுப் பிரதியோடு திரும்பினாள். “ஒருத்தரும் நிமிந்தும் பாக்கேல்லையப்பா” என்றாள். இத்தனை வருடம் நான் பயந்த கந்தோர் அது. தாள் வந்து சேர்ந்ததும் அன்ரி விரலால் தடவிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, சொன்னபடி அந்தக் கணமே கையெழுத்து வைத்தார். சொன்னபடி நடந்ததும் எனக்குக் கோபமாகத்தான் இருந்தது.

சில மாதங்கள் கழித்து விசா வந்தது. வந்தது என்றால், போனில் ஒரு மின்னஞ்சல். எத்தனையோ வருடம் காத்திருந்தது அது. கையில் பிடிக்க ஒன்றும் இல்லை. நூலகத்தில் அச்செடுத்து, ஞாயிற்றுக்கிழமை பொலிஸ் உடுப்போடு கூடாரத்துக்குள் ஓடினேன். வரிசையில் பிள்ளைகள் நின்றார்கள். அன்ரி தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு மூன்று பக்கத்தையும் வாசித்தார். திருப்பிப் பார்த்தார். “கையெழுத்து எங்கை?” என்றார். இப்போது அப்படித்தான் அன்ரி, ஒரு இலக்கம் இருக்கிறது பாருங்கள், அதுதான் அதிகாரி என்றேன். “ஒரு மனுசன்கூடப் பேனையைத் தொடேல்லையோ? இவ்வளவு வருசம் ஒரு ஆளை இழுத்தடிச்சுப்போட்டு, ஒருத்தனும் தன்ர பேரை எழுதேல்லையோ?” அவர் முகம் சிவந்துவிட்டது. அன்றைக்கு அவரை எரிச்சலோடு கண்டேன், முதல் தடவையாக எனக்காக எரிச்சலோடு. பிறகு, உம்முடைய பழைய தாள் இருக்கிறதா என்று கேட்டார். கோட்டின் உள்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மடிப்புகளில் கிழியத் தொடங்கியிருந்தது. தொப்பியைப் போட்டுக்கொண்டு, பேனாவை மையில் தொட்டு, எல்லோருக்கும் கேட்க ஆங்கிலத்தில், எந்தக் கப்பல் என்றார்.

கப்பல் இல்லை, படகு, பெயர் கிடையாது, பதினெட்டு நாள் என்று நானும் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். அவர் அதை அப்படியே எழுதினார். ஊதிக் காயவைத்தார். கையெழுத்து வைத்தார். பின்னால் நின்ற பிள்ளைகள் என்ன ஏது என்று தெரியாமல் கைதட்டினார்கள். தாளை நீட்டும்போது தமிழில், “ஒரு மாசத்துக்குத்தான். கீழ அடிச்சிருக்கு, வாசியும்” என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவரா விளையாடுகிறவர்? பிறகு மனைவி வந்து சேர்ந்தாள், நாங்கள் டூங்கபிக்கு மாறினோம், எனக்குக் களஞ்சியம் ஒன்றில் வேலை கிடைத்தது. ஒவ்வொரு மாதமும் முதல் கிழமையில் போன் வரும். “உம்மட லைசென்ஸ் முடிஞ்சு போச்சு. தெரியுமோ?” போனிலேயே நீட்டித்துவிடுங்கள் அன்ரி என்பேன். பாராத தாளை எப்படி நீட்டிப்பது என்பார். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றரை மணி நேரம் ஓட்டுவேன். மனைவிக்கு அது பிடித்திருந்தது, அன்ரியின் குசினியில் போய் இருவரும் சிரிப்பார்கள். எனக்கு ஒரு விடுமுறை நாள் வீணாகும். பின்பக்கத்தில் திகதி, நீட்டிக்கப்பட்டது, கையெழுத்து. ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதினொரு கையெழுத்து இருக்கிறது. கீழே போகப்போக எழுத்து சாய்ந்து பெரிதாகிக்கொண்டே போகிறது. நான் அதைக் கவனிக்கவில்லை. பெற்றோல் முள்ளைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாவது மாதம் போன் வரவில்லை. மகன்தான் அழைத்து, அம்மா ஆஸ்பத்திரியில் என்றார், அவருடைய அப்பா வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரி. தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு நாங்கள் ஓடினோம். மெலிந்துபோயிருந்தார். தாளைக் கையில் கொடுத்தேன். கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார், தள்ளிப் பிடித்தார், யன்னல் பக்கம் திருப்பினார். நான் இடத்தைக் காட்டி, இதிலே வையுங்கள் அன்ரி என்று பேனாவைக் கொடுத்தேன். பேனாவை என் கையிலேயே திருப்பி வைத்தார். “கண் தெரியேல்லை. வாசிக்க ஏலாத தாளில நான் கையெழுத்து வைக்கமாட்டன். கண்ணாடி மாத்தினாப்பிறகு வாரும்” என்றார். எனக்கு வந்ததே ஒரு கோபம். அந்த அறையில், அந்த நிலையில்கூட. வெளியே வந்து மனைவியிடம், சாகப்போகும்போதும் இந்த மனுசி திருந்தாது என்று சொன்னேன். அந்தக் கிழமை முடிவதற்குள் அவர் போய்விட்டார். நான் சொன்ன சொல்லை நான் திரும்ப எடுக்க வழியில்லை.

நேற்றும் மனைவி பிரிட்ஜ் கதவைத் துடைத்துக்கொண்டு அதே பேச்சை எடுத்தாள். ஒரு மூலை கிழிந்துவிட்டது, இனியாவது லமினேட் செய்து வைப்போம் என்றாள். லமினேட் செய்தால் அதில் ஒருவரும் எழுத முடியாது என்று வழக்கம்போல எரிந்து விழுந்தேன். அவள் துணியைக் கீழே வைத்துவிட்டு, “இனி ஆரப்பா எழுதப்போகினம்?” என்று கேட்டாள். நியாயமான கேள்வி. இந்த நாட்டில் நான் இருக்கலாம் என்று ஒரு மனிதர் பேனாவால் எழுதித் தந்த ஒரே தாள் அது, அதுவும் காலாவதியாகி ஐந்து மாதமாகிறது. அதைக் கேட்டுப் போன் பண்ண ஆளில்லை. நான் காந்தத்தைக் கழற்றித் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பதினோராவது கையெழுத்துக்குக் கீழே இன்னும் மூன்று விரல் இடம் இருக்கிறது.